கோல் அடிக்காதவருக்கும் ஒரு மாலை

கல்கத்தாவில் நாற்பது வருடம் குப்பை கொட்டிய தமிழன் எவனும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தப்பியிருக்க முடியாது. "நீங்கள் மதராஸியா?" என்பது முதல் கேள்வி. "மீன் சாப்பிடுவதுண்டா?" என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் நாம் என்ன பதில் சொன்னாலும் கேட்டவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார். மூன்றாவது கேள்விதான் ஆபத்தானது. "மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?"

ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்பது இந்த ஊர்ப் பொருளாதாரம். இரண்டும் சமையலறைக்குள் வராத குடும்பத்தில் பிறந்தவன் நான். அதனால் "எனக்குப் பந்தாட்டத்தில் அவ்வளவு ஈடுபாடில்லை" என்று சொல்லி வெகுகாலம் தப்பித்துவந்தேன். இப்போது யாராவது கேட்டால், "நான் சைலேன் மன்னா கட்சி" என்கிறேன். எழுபது வயதுக்கு மேற்பட்ட வங்காளியாக இருந்தால், அவர் எந்தக் கட்சிக்காரராயிருந்தாலும், என் கையைப் பிடித்துக்கொள்கிறார். இளைஞராக இருந்தால் "அவர் எத்தனை கோல் போட்டார்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. அதே கேள்வியை இருபது வருடங்களுக்கு முன்பு நானும் ஒருவனிடம் கேட்டிருக்கிறேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மன்னா யார் என்று நம் இளைய தலைமுறைக்குச் சொல்லிவிடுகிறேன். தமிழில் 'மன்னா' என்றால் அரசனை அழைப்பது. இங்கே அது ஒரு குடும்பப் பெயர். ஆனாலும் இந்த மனிதருக்கு அது நம் பொருளிலேயே பொருந்தும். 1924-ல் ஹௌராவில் பிறந்தவர். ஹௌரா யூனியன் என்ற சிறிய கிளப்பில் ஆட ஆரம்பித்து, 1942-ல் மோகன் பகானுக்கு வந்தார். 1960 வரை, அதாவது பத்தொன்பது சீசன்கள், அந்த ஒரே கிளப்புக்கு ஆடினார். ஆடிய இடம் இடது பேக். முன்னால் நின்று கோல் போடுபவரல்லர். பின்னால் நின்று, எதிரி கோல் போடாமல் பார்த்துக்கொள்பவர்.

அந்தக் காலத்து ஆட்டத்தின் அமைப்பை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கோல்கீப்பரை விட்டுவிட்டால் பத்துப் பேர். அதில் ஐந்து பேர் முன்வரிசை, மூன்று பேர் நடுவரிசை, பின்னால் இரண்டே இரண்டு பேக். எதிர் அணியின் ஐந்து பேர் பாய்ந்து வரும்போது, இந்த இருவர்தான் கடைசிச் சுவர். அதுவும் பெரும்பாலும் வெறுங்காலுடன். எதிரே பூட்ஸ் போட்டவன் வந்தாலும் வெறுங்கால்தான். பந்து எங்கே வரப்போகிறது என்பதை அது வருவதற்கு முன்பே கணித்து, அங்கே போய் நிற்பதுதான் பேக் ஆட்டக்காரரின் வித்தை. மன்னா அதில் கைதேர்ந்தவர் என்பார்கள். தூரத்திலிருந்து அவர் அடிக்கும் ஃப்ரீகிக்கும் பேர் போனது.

நான் அவர் ஆடிப் பார்த்ததில்லை. அவர் ஆட்டத்தை விட்ட சமயத்தில்தான் நான் பிறந்தேன். எனக்கு மன்னாவை அறிமுகப்படுத்தியவர் எங்கள் ஆபீஸ் பெரிய குமாஸ்தா. நான் தமிழ்நாட்டில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, 1982-ல் தென்கிழக்கு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில், அதாவது பி.டபிள்யூ.ஐ. என்று சொல்வார்களே, அந்த வேலையில் சேர்ந்தேன். கரக்பூர் டிவிஷன். பெரிய குமாஸ்தா மேஜைக் கண்ணாடியின் அடியில் காளி மாதா படம் ஒன்றும், பத்திரிகையிலிருந்து கத்தரித்த மன்னா படம் ஒன்றும் இருக்கும். சிறுவயதில் மைதானத்தில் டிக்கெட் வாங்கக் காசில்லாமல், மேட்டில் நின்று எட்டிப் பார்த்தே மன்னாவின் ஆட்டத்தை ரசித்தவராம்.

ஒரு நாள் அவரிடம் விளையாட்டாகக் கேட்டேன். "தாதா, கோலே போடாத ஆளுக்கு இவ்வளவு பூஜையா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "உங்கள் கீமேன் தினமும் லைனில் நடக்கிறானே, அவன் எத்தனை வண்டி ஓட்டினான் என்று கேட்பீர்களா?"

ரயில்வேக் குடும்பங்களுக்கு இது உடனே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கீமேன் என்பவன் தினமும் காலையில் சுத்தியும் ஸ்பேனரும் சிவப்புக் கொடியும் எடுத்துக்கொண்டு தன் எல்லைக்குள் உள்ள தண்டவாளத்தின் மேல் நடந்து போவான், திரும்பி நடந்து வருவான். தளர்ந்த சாவியைத் தட்டி இறுக்குவான். ஃபிஷ்பிளேட் போல்ட்டைப் பார்ப்பான். கோடையில் தண்டவாளம் வெயிலில் நீண்டு நெளியப் பார்க்கும். அதற்கு ஒரு ரோந்து. மழைக்காலத்தில் இரவெல்லாம் விளக்கை ஏந்திக்கொண்டு, கரை அரித்திருக்கிறதா, பாலத்தில் தண்ணீர் ஏறுகிறதா என்று ஒரு ரோந்து. இத்தனையும் சரியாக நடந்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. மெயில் வண்டி நேரத்துக்குப் போகும். உள்ளே ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு போவார்கள். எவனும் எழுந்து கீமேனுக்கு நன்றி சொல்ல மாட்டான். தவறு நடந்தால் மட்டும் அவன் பெயர் விசாரணைக் காகிதத்தில் ஏறும்.

பேக் ஆட்டக்காரரின் வாழ்க்கையும் அப்படித்தான். அவர் ஐம்பது முறை தடுத்தது யார் நினைவிலும் இருக்காது. ஐம்பத்தோராவது முறை தவறவிட்டது எல்லோர் நினைவிலும் இருக்கும்.

இதற்கு மன்னாவின் வாழ்க்கையிலேயே சாட்சி உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக். சுதந்திரம் பெற்று ஒரு வருடம்கூட நிறையாத இந்தியா, பிரான்ஸை எதிர்த்து ஆடியது. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட, நம் பக்கத்தில் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். பெயரைப் பார்த்தாலே நம்மவர் என்று சந்தோஷப்படலாம், பெங்களூர்க்காரர். அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டும் வீணாயிற்று. அதில் ஒன்றை அடித்தவர் மன்னா. கடைசி நேரத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்துவிட்டது. பிரான்ஸை முக்கால் ஆட்டத்துக்கு மேல் நம் பின்வரிசை மறித்து நின்றது என்பதை யாரும் சொல்வதில்லை. "மன்னா பெனால்டியை விட்டார்" என்பதை இன்றும் சொல்கிறார்கள்.

அப்படி ஒரு தவறு செய்தவரை என்ன செய்தார்கள் தெரியுமா? தலைவராக்கினார்கள். 1951 மார்ச்சில் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணித் தலைவர் மன்னாதான். இந்தோனேஷியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினோம். இறுதி ஆட்டத்தின் கோலைப் போட்டவர் மேவாலால். அந்தப் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் நான் இன்னொரு எண்ணைச் சொல்கிறேன். அந்தப் போட்டி முழுவதும் இந்தியா வாங்கிய கோல் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் யார் உழைப்பு? பூஜ்யத்தைக் கண்டுபிடித்த நாடு என்று பெருமை பேசுகிறோம். அந்தப் பூஜ்யத்துக்கு மட்டும் மாலை போட மறந்துவிடுகிறோம்.

அடுத்த வருடமே நிலைமை தலைகீழ். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். குளிர் தேசம், வெறுங்கால், எதிரே அந்த ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய அணி. தலைவர் அப்போதும் மன்னா. பேக் ஆட்டக்காரர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்ற முடிவுக்கு நம் சம்மேளனம் வந்தது. மன்னாவும் ஓடி ஒளியவில்லை, அவரையும் யாரும் துரத்தவில்லை. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை என்ற நான்கு நாடுகள் 1952 முதல் 1955 வரை ஆடிய கொழும்புக் கோப்பைப் போட்டிகளில் நாம் தொடர்ந்து முதலிடத்தில் நின்ற காலமும் அவருடைய தலைமைக் காலம்தான். பத்து கோல் வாங்கியவன் பதினோராவது நாள் காலையில் பயிற்சிக்குப் போகிறான். என்னைக் கேட்டால் மன்னாவின் வாழ்க்கையில் தங்கப் பதக்கத்தைவிடப் பெரிய விஷயம் அதுதான்.

கல்கத்தாவில் மன்னாவுக்கு எதிரே நின்றவர்களையும் நாம் மறக்கக் கூடாது. 1949 முதல் சில வருடங்கள் ஈஸ்ட் பெங்கால் முன்வரிசை ஐவரைப் 'பஞ்ச பாண்டவர்' என்று இந்த ஊர் கொண்டாடியது. வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தெற்கேயிருந்து வந்தவர்கள். பிழைக்க வந்த ஊரில் நம் பக்கத்து ஆட்கள் இப்படிக் கொடி நாட்டியிருக்கிறார்கள் என்பது நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? ஐந்து பாண்டவர்களும் சேர்ந்து வரும்போது, எதிரே வெறுங்காலுடன் காத்திருந்த இருவரில் ஒருவர் மன்னா. பாண்டவர் கதையைச் சொல்லும் வீட்டில், வியூகத்தைக் காத்தவன் கதையையும் சொல்ல வேண்டாமா?

வங்காளிகளைக் குறை சொல்ல மாட்டேன். பின்னால் நிற்பவரை மதிக்கும் பழக்கம் இந்த ஊரில் நம்மைவிட அதிகம். 1911 ஜூலை 29-ஆம் தேதி கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கிய மோகன் பகான் அணியில் பூட்ஸ் அணிந்தவர் ஒரே ஒருவர்தான். ஆசிரியராக இருந்து பிற்காலத்தில் பாதிரியாரான சுதீர் சாட்டர்ஜி. அவரும் பேக் ஆட்டக்காரர்தான். அதற்குப் பிறகு வந்த கோஷ்டோ பால், வெள்ளைக்கார அணிகளை வெறுங்காலுடன் மறித்து நின்றதால் 'சீனப் பெருஞ்சுவர்' என்று பெயர் வாங்கியவர். 1962-ல் பத்மஸ்ரீ பெற்ற அவர்தான் அந்த விருதைப் பெற்ற முதல் கால்பந்து வீரர். ஈடன் கார்டன்ஸ் பக்கம் போகிறவர்கள் அவர் சிலையைப் பார்த்திருக்கலாம். அந்தச் சாலைக்கும் அவர் பெயர். நம்மில் பலர் கிரிக்கெட் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சிலையைத் தாண்டி ஓடியிருக்கிறோம். நானும் ஓடியிருக்கிறேன்.

இந்த மரியாதை கல்கத்தாவுக்கு மட்டும் சொந்தமில்லை. ஜப்பானில் மசாமி இஹாரா என்று ஒரு பேக் ஆட்டக்காரர் இருந்தார். 1967-ல் பிறந்தவர். தேசிய அணிக்கு 122 ஆட்டங்கள். 1998-ல் ஜப்பான் முதல் தடவையாக உலகக் கோப்பைக்குப் போனபோது அணித் தலைவர் அவர். 1995-ல் ஆசியாவின் சிறந்த வீரர் என்ற விருதும் அவருக்கே. அவரை அந்த நாட்டுக்காரர்கள் 'ஆசியாவின் சுவர்' என்று அழைத்தார்கள். பாருங்கள், இங்கே சீனப் பெருஞ்சுவர், அங்கே ஆசியாவின் சுவர்! மனிதர்கள் எங்கும் ஒரே மாதிரிதான் நினைக்கிறார்கள். 1951-ல் டில்லியில் நாம் தங்கம் வாங்கியபோது ஜப்பான் வாங்கியது வெண்கலம். 1993-ல் சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் லீகை அவர்கள் தொடங்கினார்கள். 1998-லிருந்து ஒரு உலகக் கோப்பையைக்கூடத் தவறவிடவில்லை. நாம் 1950-ல் பிரேஸிலுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தும் போகவில்லை. பிறகு வாய்ப்பே வரவில்லை. வெறுங்கால் காரணமாகத்தான் போகவில்லை என்று ஒரு கதை உண்டு. அது வெறும் சாக்கு என்று மன்னாவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

நம்மவர் மனப்போக்குக்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மறுபடி தங்கம் வாங்கினோம். இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து, நீலகிரி வெலிங்டன் மதராஸ் ரெஜிமெண்ட் அணியில் வளர்ந்தவர். பின்வரிசையில் அருண் கோஷ். பிற்காலத்தில் எங்கள் ரயில்வேயின் பி.என்.ஆர். அணிக்கு ஆடியவர். ஜர்னைல் சிங்கும் பின்வரிசை ஆட்டக்காரர்தான். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்ததால் அவரை முன்வரிசைக்கு மாற்றினார்கள். அங்கே போய்த் தலையாலேயே முட்டிக் கோல் போட்டார். இன்றைக்கும் ஜர்னைல் சிங் என்றால் எல்லோரும் சொல்வது அந்த ஒரு கோலைத்தான். வாழ்நாள் முழுவதும் தடுத்தது கணக்கில் வரவில்லை. ஒரு நாள் போட்டதுதான் கணக்கில் வந்தது.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் மகன் காளிகாட்டில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் வீட்டுக்குள், வங்காளி தெருவில். பேட்டைக் கிளப் பையன்களோடு தேசப்ரியா பார்க்கில் பந்தாடுவான். 2004-ல் ஒன்பதாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பிப்பொடியும் வாங்கிக்கொண்டு வரும் வழியில், பக்கத்துப் பேட்டையோடு ஏதோ போட்டி நடப்பதைப் பார்த்து நின்றேன். ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. பையன்கள் அவனைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். அவன் முழங்காலெல்லாம் சேறும் ரத்தமுமாக என்னிடம் ஓடிவந்தான்.

"எத்தனை கோல் போட்டே?" என்று கேட்டேன்.

"நான் பேக் அப்பா."

"அப்ப ஒரு மணி நேரமா சும்மா நின்னுட்டிருந்தியா? இதுக்கா ஞாயித்துக்கிழமை டியூஷனை விட்டே?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கூடவே நடந்துவந்தான். பத்தாம் வகுப்பு ஆரம்பித்ததும் பூட்ஸை யாரோ ஒரு பையனிடம் கொடுத்துவிட்டான். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது.

அப்போது நான் யார்? இருபது வருடத்துக்கு மேல் தண்டவாளம் காத்தவன். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதற்காகச் சம்பளம் வாங்கியவன். பெரிய குமாஸ்தா சொன்ன கீமேன் கதையைக் கேட்டுத் தலையாட்டியவன். அந்த என் வாயிலிருந்துதான் "சும்மா நின்னுட்டிருந்தியா" என்ற வார்த்தை வந்தது. டிராலியில் போகும்போது எந்தக் கீமேனையும் நான் அப்படிக் கேட்டதில்லை. என் பிள்ளையைக் கேட்டேன்.

2012 பிப்ரவரி 27-ஆம் தேதி மன்னா காலமானார். ஓய்வுபெற்று வெகுநாளாகியிருந்த பெரிய குமாஸ்தா போன் செய்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. "எங்கள் வீட்டுப் பின்கதவு போய்விட்டது" என்றார். அன்றைக்குத்தான் எனக்குத் தேசப்ரியா பார்க் ஞாபகம் வந்தது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பையன்கள் எதற்காக அவனைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள் என்பது எட்டு வருடம் கழித்து உறைத்தது.

மகன் இப்போது புனாவில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் இரவெல்லாம் விழித்திருந்து இயந்திரங்கள் நிற்காமல் பார்த்துக்கொள்கிறான். சென்ற வருடம் வந்திருந்தபோது, "உன் வேலை என்னப்பா, எனக்குப் புரியும்படி சொல்லு" என்றேன். "எல்லாம் ஓடிட்டிருந்தா என் பேர் யாருக்கும் தெரியாதுப்பா. நின்னா மட்டும் எல்லாருக்கும் தெரியும்" என்றான். "பேக் ஆடறே" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கத் தெரியாத தகப்பன் நான். அவனும் கேட்க வைக்கவில்லை.

படிப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஊரை விட்டு வந்த குடும்பத்துக்குப் படிப்பு ஒன்றுதான் நிலம் நீச்சு. நானும் அந்தப் பயத்தில்தான் பேசினேன். ஆனால் சரித்திரம் வேறு சொல்கிறது. மன்னா சௌரங்கியில் இருக்கும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஆடியவர். பத்தொன்பது வருடம் ஆடியதற்குக் கிளப்பிலிருந்து அவர் வாங்கியது 19 ரூபாய் என்று மைதானத்தில் ஒரு பேச்சு உண்டு. கணக்கு எப்படியோ, ஆட்டத்தை அவர் பிழைப்பாக வைத்துக்கொள்ளவில்லை என்பது நிஜம். 1948-ல் இந்திய அணித் தலைவராயிருந்த தாலிமெரென் ஆவ் நாகர் குலத்தவர். கல்கத்தாவில் மருத்துவம் படித்துக்கொண்டே மோகன் பகானுக்கு ஆடியவர். லண்டனிலிருந்து திரும்பி டாக்டராகி, தன் ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போய்விட்டார். அவரும் பின்வரிசைக்காரர்தான். ஈஸ்டர்ன் ரயில்வே அணி 1958-ல் கல்கத்தா லீகையே ஜெயித்தது. மூன்று பெரிய கிளப்புகளைத் தவிர வேறொரு அணி மறுபடி அதை ஜெயிக்க 2019 வரை ஆயிற்று. பகலில் ஆபீஸ், மாலையில் மைதானம் என்று வாழ்ந்தவர்கள் சாதித்தது அது. படிப்பும் ஆட்டமும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பது நம் வீட்டுப் பயமே தவிர வேறில்லை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இந்த ஊரில் நாம் யார்? நமக்கு முன்னால் வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். கணக்கு ஆபீஸ், ஆடிட் ஆபீஸ், ஸ்டெனோகிராபர் மேஜை, ரயில்வே டிராயிங் ஆபீஸ். யாரும் மந்திரியாகவில்லை, யாருக்கும் சிலை இல்லை. கணக்கில் ஒரு பைசா தவறாமல், கடிதத்தில் ஒரு எழுத்து பிசகாமல், ஆபீஸை முப்பது வருடம் நிற்க வைத்துவிட்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு போனவர்கள். இந்த ஊரின் இடது பேக் நாம்தான். அப்படிப்பட்ட நாமே, நம் வீட்டுப் பையனிடம் போய் எத்தனை கோல் போட்டாய் என்று கேட்டால் எப்படி?

மன்னாவுக்கு மரியாதை வராமல் போகவில்லை. 1971-ல் பத்மஸ்ரீ. 2000-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஆயிரமாண்டின் சிறந்த வீரர் என்று அவரைக் கௌரவித்தது. 2001-ல் மோகன் பகான் தன் ரத்னா விருதைக் கொடுத்தது. ஆயிரமாண்டுக்கு ஒருவரைத் தேடியபோது, கோல் போட்டவர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, பின்னால் நின்றவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்டம் விட்டு நாற்பது வருடம் கழித்துத்தான் வந்தது என்றாலும் வந்தது. எல்லோருக்கும் அப்படி வருவதில்லை. அவரைப் போலவே மோகன் பகானுக்கு மட்டும் பதினேழு வருடம் பின்வரிசையில் நின்ற சுப்ரதா பட்டாச்சார்யாவை நான் எண்பதுகளில் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். 1977-ல் பெலேயின் காஸ்மாஸ் அணியோடு ஈடனில் 2-2 என்று சமன் செய்த ஆட்டத்திலும் இருந்தவர். அந்த ஆட்டம் என்றால் ஊர் பெலேயைத்தான் சொல்லும். பெலேயை மறித்து நின்றவர்களை யார் சொல்கிறார்கள்?

ஆகவே நம் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, வருடாந்திர விளையாட்டு விழாவில் அதிக கோல் போட்டவருக்குக் கோப்பை கொடுக்கிறோம். அடுத்த விழாவிலிருந்து, குறைவாகக் கோல் வாங்கிய அணியின் பின்வரிசைக்கும் ஒரு கோப்பை கொடுக்க வேண்டும். செலவு என் பென்ஷனிலிருந்து. கோப்பையில் என் பெயர் வேண்டாம், மன்னாவின் பெயரைப் பொறித்தால் போதும். இரண்டாவது வேண்டுகோள் பெற்றோருக்கு. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பிள்ளையை மைதானத்திலிருந்து இழுத்துக்கொண்டு வராதீர்கள், பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை ஆடினால் எந்த என்ட்ரன்ஸ் பரீட்சையும் ஓடிப்போய்விடாது.

பிள்ளை சேற்றோடு வீட்டுக்கு வந்தால், எத்தனை கோல் என்று முதலில் கேட்காதீர்கள். எந்த இடத்தில் ஆடினாய் என்று கேளுங்கள். "பேக்" என்று சொன்னால், காலைக் கழுவிவிட்டுச் சூடாக ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள். நான் கொடுக்கத் தவறிய காப்பி அது.